தறிக்குடோன்ல எடுத்த பாட்டு

நான் பாட்டு வீடியோவுல வந்தவ. சிரிக்காதீங்க, நெசந்தான். கருமத்தம்பட்டிக்கு அக்கட்டால எங்க தறிக்குடோன்ல வெச்சு எடுத்தது. அதுல என்ற மூஞ்சி மட்டும் பதினோரு செகண்டு வருது. மெட்ராஸ்ல இருந்து துபாய் வரைக்கும் அதைப் பாத்துக் கண்ணு கலங்குனாங்களாம். அத்தனை பேர்ல ஒருத்தருக்காச்சும் நான் அங்க என்ன சொல்றேன்னு புரிஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

எடுத்தவன் எங்கூட்டுக்காரருக்குப் பங்காளி பையன். என்னைப் பெரிம்மான்னு கூப்புடுவான். கோயமுத்தூர்ல இஞ்சினீரிங் முடிச்சு, ஒரு வருசம் ஆபீசுக்குப் போயிப்போட்டு, அப்பறம் டைரக்டர் ஆகறேன்னு மெட்ராஸ் போனவன். திரும்பி வந்தப்பத் தலையில கொண்டை, நெஞ்சு வரைக்கும் தாடி. மீசை மேலுதட்டை மூடிக்கிட்டுத் தொங்குச்சு. அந்த மீசையைப் பாத்ததுமே எனக்கு அவனைப் புடிக்கல, அதுக்குக் காரணம் இருக்குது, சொல்றேன்.

பாட்டுன்னா நாலு பேரு வரிசையா நின்னு ஆடறதும் மலைமேல ஓடறதும் பழைய சங்கதியாம். இவன் எடுக்கறதுல ஆட்டம் கெடையாது. கதை கெடையாது. பாடறவன் வாயே தொறக்க மாட்டான். பாட்டு அது பாட்டுக்கு ஓடும், படம் அது பாட்டுக்கு ஓடும். "ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லைங்கறதுதான் பெரிம்மா சம்பந்தம்"னான். சம்பந்தம் இல்லாத ரெண்டைப் புடிச்சு ஒட்டுக்கா உட்டுப்போட்டுப் பெருமை பேசறவன் கல்யாணத் தரகன் மட்டுந்தான்னு அதுவரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அவன் சொன்னதுல பாதிதான் எனக்குப் புரிஞ்சுது. மிச்சத்தைப் பக்கத்துத் தறிக்காரிதான் பொறவு சொன்னா. ஏன்னா அப்ப என்ற காது போய் ஒரு வருசம் ஆயிருந்துச்சு. முப்பது வருசம் தறிக்கு நடுவுல நின்னவளுக்குக் காது போறது ஒண்ணும் அதிசயமில்லீங்க. கொஞ்சங் கொஞ்சமாப் போயி, ஒரு நாள் காத்தால குக்கர் விசில் அடிக்கறது கண்ணுக்குத் தெரியுது, காதுக்குத் தெரியல. அவ்வளவுதான்.

அது ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. எப்படித் தெரியும்? குடோனுக்குள்ள எல்லாருமே செவிடுதான். எட்டுத் தறி ஓடறப்பப் பக்கத்துல இடி உழுந்தாலும் கேக்காது. அதனால நாங்க சத்தம் போட்டுப் பேசறதே இல்லை. வாயை மட்டும் அசைப்போம், எதுத்தாப்புல நிக்கறவ உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவா. அந்தக் கடைசித் தறியில நிக்கறவ பாவு நூல் அறுந்துபோச்சுன்னு சொன்னா இந்தக் கடைசியில நிக்கறவளுக்கு வந்து சேந்துரும். மாமியாரைத் திட்டறது, மகளுக்கு மாப்பிள்ளை பாக்கறது, எவ எவனோட பேசுனாங்கறது, எல்லாம் உதட்டுலதான் நடக்கும். இது நாங்க ரெண்டு மூணு பேரு கத்து வெச்ச வித்தையும் இல்லை. சோமனூரு, பல்லடம், கருமத்தம்பட்டின்னு தறி ஓடற ஊர் பூரா தறிகிட்ட நின்ன ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் வரும். மேலுதட்டை மூடற மீசை வெச்சவன் பேச்சு மட்டுந்தான் புடிபடாது.

எங்கூட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு இருந்தேன். தெரிஞ்சா என்னைத் தறிகிட்ட உடமாட்டாரு. தறி கெட்டா மொதல்ல சத்தந்தான் மாறும். அது காதுல உழாம நடுவுல நின்னா, குறுக்க நூல் கொண்டு ஓடற நாடாக்கட்டை பிச்சுக்கிட்டு வந்து மூஞ்சியில அடிச்சாலும் அடிக்கும். நான் தரை அதுர்றதை வெச்சுக் காலுலயே கண்டுபுடிச்சுக்குவேன், ஆனா அதைச் சொன்னா எந்தப் புருசன் நம்புவான்? ஊட்ல உக்காருன்னு சொல்லிப்போடுவாரு. ஊட்ல உக்காந்தா நான் செவிடி. குடோனுக்குள்ள நிக்கற வரைக்கும் எல்லாரையும் மாதிரி ஒரு பொம்பளை. எனக்கு அது போதும், அதை உட்டுக்குடுக்க எனக்கு மனசில்லை.

அவருகிட்ட மறைக்கறதும் பெரிய கஷ்டமில்லை. மனுசன் ஊட்ல பேசறதே நாளுக்கு நாலு வார்த்தை. மூஞ்சி பாத்தாப் புரிஞ்சுக்குவேன், பாக்கலைன்னா "செரிங்க"ன்னு சொல்லிப்போடுவேன். பொண்டாட்டி செரிங்கன்னு சொன்னா ஒலகத்துல எவனாச்சும் சந்தேகப்படுவானா?

பாட்டெடுக்க ஒரு புதன்கெழமை பதினாறு பேரு வந்து எறங்குனாங்க. கொடையாட்டம் ஒண்ணு, வெள்ளைப் பலகை ரெண்டு, லைட்டு நாலு, ஸ்பீக்கரு ஒண்ணு. புகை போடற மிசினு வேற. நூல் அடுக்கி வெச்ச எடத்துல புகையாடான்னு எங்கூட்டுக்காரர் அதை மட்டும் வாசலோட தாட்டி உட்டாரு. பாடறவன்னு ஒரு பையன் வந்திருந்தான், பாவம், வத்தலா இருந்தான். அவன் மூஞ்சி பூராப் பசையைத் தடவிப் பஞ்சை ஒட்டுனாங்க. எங்க தலையில பஞ்சு ஒட்டுனா நாங்க சாயங்காலம் தட்டிப்போட்டுத்தான் ஊட்டுக்குள்ள போவோம். இவனுக ஒரு மணி நேரம் உக்காந்து ஒண்ணொண்ணா ஒட்டறானுக! பக்கத்துத் தறிக்காரி சிரிப்பை அடக்க மாட்டாம முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. பஞ்சுக்காரனைத் தறிக்கு நடுவுல கல்லாட்டம் நிக்க உட்டாங்க. அவன் நடிப்பு அவ்வளவுதான்.

எங்களுக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. "நீங்க நீங்களா இருங்க பெரிம்மா. கேமராவைப் பாக்காதீங்க. என்ன வேணாப் பேசிக்குங்க, சத்தம் பதிவு பண்ணலை." பதிவு பண்ணலையாம்! தறிக்காரிககிட்ட வந்து சத்தத்தை மட்டும் எடுக்கலைன்னு சொல்றான். அதை நானும் யோசிக்கல, பக்கத்துத் தறிக்காரியும் யோசிக்கல. நாங்க தறி ஓட்டறவங்க, சினிமாக்காரங்க இல்லை. ஆனா அவன், தறிகிட்டயே நிக்காமப் படிக்கப் போனவன்னாலும், தறிக்காரன் ஊட்டுல பொறந்தவந்தானே, அவனுக்குத் தோணியிருக்கணுமா வேண்டாமா?

மொதல்ல தறியெல்லாம் நிறுத்திப்போட்டு, மனசுல ஏறட்டும்னு பாட்டை ஒரு தரம் ஸ்பீக்கர்ல போட்டாங்க. எல்லாரும் தலையாட்டுனாங்க. நானும் ஆட்டுனேன். அந்தப் பாட்டை நான் இன்னைக்கு வரைக்கும் கேக்கல. மெதுவா, வேகமா, சோகமா, ஒண்ணுந்தெரியாது.

தறி ஓட ஆரம்பிச்சதும் எதுத்தாப்புல நின்ன பக்கத்துத் தறிக்காரி உதட்டை அசைச்சா. "ஏனம்மணி, பாட்டு ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் தலையாட்டறே, உடம்புக்கு என்ன?" கேட்டுப்போட்டு என்ற கண்ணையே பாத்தா. இருபது வருசம் எதுத்தெதுத்து நின்னவ, அவகிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லிப்போட்டேன். "எனக்குக் காது கேக்கறதில்ல. ஒரு வருசமாச்சு. ஊட்ல சொல்லிப்போடாதே. தெரிஞ்சா தறிகிட்ட உடமாட்டாரு." சொல்லி முடிக்கறப்பக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஒரு வருசமா யாருகிட்டயும் சொல்லாததாச்சே.

கேமராக்காரன் என்ற கன்னத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தான். பையன் ஓடி வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான். தாடிக்குள்ள இருந்து அவன் சொன்னது, "உங்க முகத்துல இருக்கற அந்த வலி, பெரிம்மா." வலி எனக்குக் கால்ல இருந்துச்சு. காத்தால ஆறு மணிக்கு நின்னவ, அவனுக பஞ்சு ஒட்டி முடிக்கற வரைக்கும் உக்காரவே இல்லை.

ரெண்டு மாசங்கழிச்சு வீடியோ வந்துச்சு. பக்கத்துத் தறிக்காரி தன்ற போன்ல காட்டுனா. மொதல்ல ஓட்டுக்கூரை. அப்பறம் ஒரு நாய். அப்பறம் பஞ்சுக்காரன். மறுபடியும் நாய். அந்த நாய் எங்களுதும் இல்லை. நடுவுல திடீர்னு நான்! படம் பூரா என்ற மூஞ்சி. அதுவும் எப்படி? மெதுவாக்கிப்போட்டான். நான் நாலஞ்சு செகண்டுல சொன்னதை இழுத்துப் பதினோரு செகண்டு ஆக்கியிருந்தான். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்குடுக்கற மாதிரி என்ற உதடு ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுது. எனக்குக் காது கேக்கறதில்ல. ஒரு வருசமாச்சு. ஊட்ல சொல்லிப்போடாதே. "அட கெரகமே"ன்னு அவ தலையில அடிச்சுக்கிட்டா.

ஊருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கு யாரும் வந்து சொல்லல. பல்லடத்துல ஒரு காதுகுத்து விசேசத்துல நானே தெரிஞ்சுக்கிட்டேன். எங்கூட்டுக்காரருக்கு அன்னைக்குப் பாவு பிணைக்கற வேலை, வரல. நானும் பக்கத்துத் தறிக்காரியும் போயிருந்தோம். பந்தியில பரிமாறுனவன் என்ற மூஞ்சிக்கு நேராக் குனிஞ்சு, வாயை அகலத் தொறந்து, "ரச…மா? மோ…ரா?"ன்னான். அவனுக்கு உள்நாக்கு வரைக்கும் தெரிஞ்சுது. கைகழுவற எடத்துல ஒரு ஒறம்பரைக்காரி, தூரத்துச் சொந்தம், என்னைத் தோளைத் தொட்டுத் திருப்பி, "மிசினு… வெச்…சுக்கலாம்…ல?"ன்னு கேட்டுத் தன்ற காதைத் தட்டிக் காட்டுனா. மிசினு வெச்சா அது ஊருக்கே தெரியுமே, அதுக்குத்தானே ஒரு வருசமா மறைச்சேன்! போன வாரம் வரைக்கும் என்னோட சாதாரணமாப் பேசுனவங்க அத்தனை பேரும் அன்னைக்குக் கொழந்தைக்குச் சோறூட்டறாப்புல வாயைத் தொறந்துக்கிட்டு நின்னாங்க. ஒரு பூவைக்கூட வாங்காம பாதியில கெளம்பி வந்துட்டேன்.

எங்கூட்டுக்காரர்கிட்ட இருக்கறது பட்டன் போனு. அந்த ஒண்ணுதான் என்னைக் காப்பாத்திக்கிட்டிருந்துச்சு. யாராச்சும் காட்டறதுக்கு முன்னால அதை எடுக்கச் சொல்லிப்போடணும்னு பையனுக்காகக் காத்திருந்தேன். அவனே ஒரு நாள் மதியம் ஒரு பெட்டி மைசூர்பாகோட வந்து சேந்தான். முகமெல்லாம் பல்லு. மீசையைக் கொஞ்சம் வெட்டியிருந்தான், நல்லவேளை. போனை எடுத்து ஒண்ணொண்ணாப் படிச்சுக் காட்டுனான். அந்தத் தாயின் மௌனம் என்னை உலுக்கிவிட்டதுன்னு ஒருத்தன் எழுதியிருக்கறான். மௌனமா? வாழ்க்கையில அவ்வளவு முக்கியமான விசயத்தை நான் வேற எப்பவும் பேசுனதில்லை. முதலாளித்துவம் இந்தப் பெண்ணின் குரலைப் பறித்துவிட்டதுன்னு இன்னொருத்தன். அட மசையா, அந்தக் குடோனுக்கு மொதலாளியம்மாவே நாந்தான்டா! உதடுகள் ஏதோ பழைய மந்திரத்தை உச்சரிப்பதுபோல் இருக்கிறதுன்னு ஒரு பொண்ணு. பாட்டைப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுதல.

"நம்ம சைடுலயும் பயங்கர ஹிட்டு பெரிம்மா. தறிக்காரங்க எல்லாம் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. இந்த மாதிரிப் படத்தை நம்ம ஜனம் ஏத்துக்காதுன்னாங்க. ஏத்துக்கிச்சு பாருங்க!"

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயிறும் எரிஞ்சுது. புரியாதவன் புரியலைங்கறதுக்காகவே ஒசத்தின்னு பாக்கறான். புரிஞ்சவன் பக்கத்தூட்டு ரகசியத்தைப் பாக்கறான். ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல நின்னுக்கிட்டு இவன் கலை ஜெயிச்சிருச்சுங்கறான்.

"கண்ணு, அந்தப் பதினோரு செகண்டை மட்டும் எடுத்துப்போடு."

அவனுக்கு முகம் விழுந்துபோச்சு. "ஏனுங் பெரிம்மா?"

"என்ற மூஞ்சி நல்லாயில்ல."

"நல்லாயில்லாததுதான் பெரிம்மா அழகு" அப்படின்னான். கூட நின்ன பக்கத்துத் தறிக்காரி அதைக் கேட்டு, நான் அடிச்சுப்போடுவேனோன்னு என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. அவன் நிறுத்தல. அதுதான் பாட்டோட உயிராம், அதை எடுத்தா நாய் மட்டுந்தான் மிஞ்சுமாம். அதை அவனே ஒத்துக்கிட்டான் பாருங்க. காரணத்தைச் சொல்லிக் கேக்கலாம்னு ஒரு நிமிசம் நெனச்சேன். ஆனா சொன்னா அவன் நேராப் போயி அவங்க அப்பன்கிட்டச் சொல்லுவான், அப்பன் டீ குடிக்கற பேக்கரியில வெச்சு எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லுவான். வாயை மூடிக்கிட்டேன். எந்திரிச்சுப் போகையில அவனா ஒண்ணு கேட்டான். "ஆமா, நீங்க அப்ப என்னதான் பேசிக்கிட்டிருந்தீங்க?"

"சின்ன வெங்காயம் வெலை ஏறிப்போச்சுன்னு."

"செம பெரிம்மா"ன்னுட்டுப் போனான். அவன் குடுத்த மைசூர்பாகும் கல்லாட்டம் இருந்துச்சு.

அதுக்கு மறுவாரம் திங்கக்கெழமை, பத்தரை மணி இருக்கும், எங்கூட்டுக்காரர் பேக்கரியில டீ குடிச்சுப்போட்டு வந்தாரு. எப்பவும் வந்ததும் நாடாவுக்குத் தார்னு நூல் சுத்தற எடத்துக்குப் போயி நின்னு பாப்பாரு. அன்னைக்கு நேரா என்ற தறிக்கு முன்னால வந்து நின்னாரு. மூஞ்சியைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரோ காட்டிப்போட்டாங்க. மனுசன் பதினஞ்சு வயசுல தறிகிட்ட நின்னவரு, என்ற உதட்டைப் படிக்க அவருக்குப் பதினோரு செகண்டு எதுக்கு?

"எத்தனை நாளா?" சத்தம் போடல, உதடு மட்டுந்தான்.

"ஒரு வருசத்துக்கு மேல இருக்குங்க."

"பேக்கரியில டீ ஊத்தறவனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல."

"தறிகிட்ட உடமாட்டீங்கன்னுதானுங்க…" நான் சொல்லி முடிக்கல, கையைக் காட்டி நிறுத்துனாரு. கோவம்னு நெனச்சேன். கோவம் இல்லை. அந்த முகத்தை நான் அதுக்கு முன்னால பாத்ததே இல்லை, ஏதோ கணக்குத் தப்பிப்போன மாதிரி நின்னுக்கிட்டிருந்தாரு.

"அப்ப வண்டில போறப்ப நான் பேசுனதெல்லாம்?"

ஊட்ல நாலு வார்த்தை பேசற மனுசனுக்கு மொபட்ல ஏறுனாத்தான் வாய் தொறக்கும், கல்யாணமான நாள்ல இருந்தே அப்படித்தான். முன்னால பாத்துக்கிட்டே ரோடு முடியற வரைக்கும் பேசிக்கிட்டு வருவாரு. இந்த ஒரு வருசமா நான் அவரு முதுகைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். தலை லேசாத் திரும்புனா ஏதோ கேக்கறாருன்னு தெரியும். "செரிங்க"ன்னு சொல்லிப்போடுவேன்.

"போன மாசம், பல்லடத்து ரோட்டுல கேட்டனே. தறியெல்லாம் எடைக்குப் போட்றலாமான்னு. செரிங்கன்னு சொன்னியே புள்ள."

எடைக்குப் போடறதுன்னா இரும்பு வெலைக்கு. ஆளுக வந்து சம்மட்டியில ஒடச்சு லாரியில ஏத்திப் போயிருவாங்க. எங்க பக்கம் அப்படிக் காலியான குடோன்ல எல்லாம் இப்பக் கோழித்தீவன மூட்டை அடுக்கி வெச்சிருக்கறாங்க. எந்தத் தறிகிட்ட நிக்கறதுக்காக ஒரு வருசம் ஊரை ஏமாத்துனேனோ, அதை ஒடைக்கறதுக்கு நானே செரிங்கன்னு சொல்லியிருக்கறேன். தறியோட கட்டையைப் புடிச்சுக்கிட்டேன்.

"வெள்ளிக்கெழமை லாரி வருது"ன்னாரு. "உனக்கும் சலிச்சுப்போச்சுன்னு நெனச்சு ஆளுக்குச் சொல்லிப்போட்டேன்." அப்பறம் அவரு உதடு ரொம்ப மெதுவா அசைஞ்சுது. "நீ வேண்டாம்னு சொல்லுவேன்னுதான் புள்ள கேட்டேன்."

"வேண்டாங்க!"

உதட்டுலதான் சொன்னதா நெனச்சேன். எட்டுத் தறியும் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஆனா பக்கத்துத் தறிக்காரி திடுக்குன்னு திரும்புனா, அந்தக் கடைசியில தார் சுத்திக்கிட்டிருந்த ரெண்டு பொம்பளைகளும் எந்திரிச்சு நின்னுட்டாங்க, எங்கூட்டுக்காரர் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டிருந்தாரு.